சவுக்காரத் தங்கமும் ஒன்மோர் அண்ணனும்

இரண்டாம் உலகப் போரை உலகத்திலேயே மிகக் குறைந்த செலவில் நடத்தி முடித்தவர் ஒன்மோர் அண்ணன்தான். ஒரு பழைய வேன், ஒரு கல்யாண வீடியோ கேமரா, காக்கிச் சட்டை போட்ட நாலைந்து பேர், மத்தியானத்துக்கு ஆளுக்கொரு பொட்டலம் நாசி லெமாக் சோறு. இவ்வளவுதான் அவருடைய ராணுவம். வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும் அவரிடம் ஒரு வார்த்தை யோசனை கேட்டிருந்தால் எவ்வளவோ மிச்சப்படுத்தியிருக்கலாம்.

தொண்ணூறுகளில் டுரியான் துங்கால் பக்கத்தில், அவர் இருந்த பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், அவரைத் தெரியாதவர் கிடையாது. அவருடைய நிஜப் பெயர் தெரிந்தவரும் கிடையாது. வீடியோ எடுக்கும்போது காட்சி பிடிக்காவிட்டால் "ஒன் மோர்!" என்று கையைத் தூக்கிவிடுவார். மாலை மாற்றினாலும் ஒன் மோர், பால் பழம் கொடுத்தாலும் ஒன் மோர். பாச்சாங்கில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டிவிட்டு வியர்வையைத் துடைக்கும்போது, "மாப்பிள்ளை, அவுத்துட்டு ஒன் மோர் கட்டுங்க. மேளக்காரர் தலை மறைச்சிடுச்சு" என்றார். பெண்ணின் தாய்மாமன் துரத்திய துரத்தலில் அண்ணன் செருப்பில்லாமல் மெயின் ரோடு வரைக்கும் ஓடினார். ஓடும்போதும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேசட்டிலேயே தெளிவாக வந்த காட்சி அந்த ஓட்டம்தான் என்று பெண் வீட்டாரே பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது அந்தக் கல்யாணத்தில்தான். அப்போது எனக்கு முப்பது வயது நெருங்கிவிட்டது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கெலிண்டானாக மூட்டை ஏற்றி இறக்கியிருக்கிறேன், கிளேபாங்கில் சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவியிருக்கிறேன். அன்றைக்குப் பந்தியில் எச்சில் இலை எடுக்க வந்திருந்தேன். அண்ணனுக்கு லைட் பிடித்தவன் தாய்மாமனைப் பார்த்ததும் வேறு திசையில் ஓடிப்போனான். நான் அண்ணனுடைய செருப்பை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"லைட் பிடிப்பியா தம்பி?"

"பிடிப்பேன் அண்ணே."

அவ்வளவுதான் இன்டர்வியூ. தூங்க வேன் இருந்தது, சாப்பிட அவர் வீடு இருந்தது. நான் பார்த்த வேலைகளில் அது நல்ல வேலை.

அண்ணனுக்கு யுத்தப் புதையல் படங்கள் என்றால் பைத்தியம். வீடியோ கடையின் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடக்கும், எந்த நாட்டில் எடுத்தார்கள் என்றே தெரியாத மலிவுப் படங்கள். சிப்பாயின் தொப்பி ஒரு காட்சியில் பச்சையாக இருக்கும், அடுத்த காட்சியில் கறுப்பாகிவிடும். வெடித்துச் சிதறிய பாலம் கொஞ்ச நேரம் கழித்து முழுசாக நிற்கும். அண்ணன் பல்லைக் கடிப்பார். கதை எப்போதும் ஒன்றுதான். யுத்தத்தில் எவனோ கொள்ளையடித்த தங்கம் ஒரு பெட்டியில் இருக்கும். நாலு பேர் அதைத் திருடப் போவார்கள். ஒருத்தன் துரோகி. கடைசியில் தங்கம் ஆற்றில் விழும். அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பெயர் போடும்போதே துரோகி யாரென்று சொல்லிவிடுவார். "மீசை வச்சிருக்கான் பாரு, அவன்தான்லா."

ஒரு நாள் சாப்பிடும்போது திடீரென்று கேட்டார். "நம்ம தோட்டத்துலயும் ஜப்பான்காரன் தங்கத்தைப் பொதச்சிட்டுப் போனான்னு எல்லாரும் சொல்றாங்க. எவனாவது படம் எடுத்தானா? ஊரான் தங்கத்துக்குத்தான் படமா?"

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி லெட்சுமி அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். அக்காவுக்கு எலெக்ட்ரானிக் பேக்டரியில் வேலை. காலையில் பேக்டரி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து கொட்டும்.

"பேய்ப் படம் எடுத்தீங்க. பேயா நடிச்சவன் ஜோகூருக்கு வேலைக்குப் போய்ட்டான். சாமிப் படம் எடுத்தீங்க. கேசட்டு மழையில நனைஞ்சு போச்சு. இதுதான் கடைசி. தீபாவளிக்குத் தோட்டத்து ஹால்ல போட்டுக் காட்டணும். முடியலன்னா கேமராவ வித்துட்டு எங்க பேக்டரிக்கு வந்துடுங்க. சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

அண்ணன் எடுத்த கவளத்தை வாயில் வைக்கவில்லை. பேக்டரியில் நாள் முழுக்க ஒரே ஸ்குருவைத்தான் முடுக்க வேண்டும். அங்கேயும் ஒன் மோர்தான். ஆனால் அதை வேறு யாரோ சொல்வார்கள்.

இப்படித்தான் 'ஜப்பான்காரன் பெட்டி' ஆரம்பமானது. லாரி ஓட்டும் முத்து கதாநாயகன். எனக்கு மீசை இருந்ததால் நான் துரோகி. ஜப்பான் அதிகாரிக்கு, வேனில் காய்கறி கொண்டுவந்து விற்கும் சீனத் தவுக்கேயைக் கேட்டோம். அவர் முகம் சிவந்துவிட்டது.

"எங்க அப்பா ஜப்பான்காரனுக்குப் பயந்து காட்டுல ஒளிஞ்சாரு. நான் ஜப்பான்காரனா நிக்கணுமா?" என்று எங்களைவிட நல்ல தோட்டத்துத் தமிழில் கத்தினார். கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே யோசித்தார். பிறகு, "சரி. ஆனா நான் மோசமா சாவணும். ரொம்ப மோசமா" என்றார்.

முதல் நாளே அவர் சாகும் காட்சியை எடுத்தோம். சுழன்றார், பால்மரத்தில் முட்டினார், சரிவில் உருண்டார், எழுந்தார், மறுபடி விழுந்தார், காலை உதறினார், நாக்கைத் தள்ளினார். அண்ணன் சொக்கிப்போய் "ஒன் மோர்!" என்றார். தவுக்கே அப்பாவை நினைத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்கச் செத்துக்கொண்டே இருந்தார். காய்கறி வாங்க வந்த பெண்கள் தாங்களே எடுத்து, தாங்களே நிறுத்துக்கொண்டு போனார்கள்.

தங்கக் கட்டிகள், துணி துவைக்கும் நீள நீளமான சவுக்காரக் கட்டிகள். முனியாண்டி கோயிலுக்கு அடித்து மிஞ்சிய தங்க பெயிண்டைப் பூசாரியிடம் கெஞ்சி வாங்கிப் பூசினோம். பெட்டி, லெட்சுமி அக்காவின் கல்யாணத் தகரப் பெட்டி. அக்கா வேலைக்குப் போனதும் சேலைகளைப் பாயில் கொட்டிவிட்டு அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மூடியில் ஜப்பான் கொடி வரைந்தார்.

திருடும் காட்சி மட்டும்தான் பாக்கி. இடம், தோட்டத்து எல்லையில் முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் இருக்கும் காடு. எல்லை தாண்டுவதென்றால் எங்கள் ஆட்கள் முனியாண்டிக்கு ஒரு சூடமாவது கொளுத்திவிட்டுத்தான் போவார்கள். அண்ணனும் கொளுத்தச் சொன்னார். அத்தோடு விட்டிருக்கலாம். படம் நல்லபடி வரட்டும் என்று பெட்டியையும் திறந்து சாமி முன்னால் வைத்துவிட்டார்.

எங்கள் பூசாரி பூசையை அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. பெட்டிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார், குங்குமம் வைத்தார், வேப்பிலை கட்டினார், எலுமிச்சம்பழம் அறுத்துப் பிழிந்தார், சுருட்டு ஒன்றைப் பற்றவைத்துப் பக்கத்தில் வைத்தார். சூடம் காட்டியபோது துரோகியான நான் உட்பட எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

"ஆக்‌ஷன்!" என்றார் அண்ணன். அங்கிருந்தே பெட்டியைத் தூக்கிக்கொண்டு முத்து காட்டுக்குள் ஓட வேண்டும். அவன் நகரவில்லை.

"ஏன்டா நிக்கிற? போய்ப் பெட்டியத் திருடு."

"மாட்டேன் அண்ணே. சாமிக்கு வச்ச பொருளு."

"டேய், நடிப்புதான்லா!"

"நடிப்புன்னு எனக்குத் தெரியும். முனியாண்டிக்குத் தெரியுமா?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ துரோகிதானே? நீ எடு."

"நான் முத்துவுக்குத்தான் துரோகி அண்ணே. சாமிக்கு இல்ல."

தவுக்கேயைப் பார்த்தார். "நான் தினம் இந்த வழியா வேன் ஓட்டுறேன். எனக்கு வேணாம்லா" என்று தவுக்கே இரண்டடி பின்னால் போனார்.

வேறு பெட்டி வைத்து எடுக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "தொப்பி கலர் மாறுற படமா நான் எடுக்குறேன்?" என்று அண்ணன் சீறினார்.

அந்த வாரமே பெட்டி பெயர் வாங்கிவிட்டது. யாரோ ஒருவருடைய காணாமல் போன ஆடு திரும்பி வந்ததும் பெட்டிக்கு மாலை விழுந்தது. ஒரு மத்தியானம் பெருமழை பிடித்தது. கோயிலின் தகரக் கூரைத் தண்ணீர் திறந்து கிடந்த பெட்டிக்குள் நேராகக் கொட்டியது. சவுக்காரம் சும்மா இருக்குமா? பொன்னிறத்தில் நுரை பொங்கி, பெட்டியை மறைத்து, படியில் வழிந்து, முனியாண்டியின் குதிரைக்கு முழங்கால் வரைக்கும் ஏறியது.

"பொங்குதுடி! சாமி பெட்டி பொங்குது!" பெண்கள் குலவை போட்டார்கள். "ஐயோ, அது சவுக்காரம்!" என்று அண்ணன் தொண்டை கிழியக் கத்தியது குலவையில் யாருக்கும் கேட்கவில்லை. "எலுமிச்சம்பழ வாசம் அடிக்குது பாரு" என்று ஒருத்தி நுரையை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டாள்.

பூசாரி நியாயமான மனிதர். "சாமிகிட்டயே கேட்டுடுவோம்" என்றார். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் பெட்டியை எடுக்கலாம். ஒரு சின்னப் பிள்ளை ஒரு மடிப்பை எடுத்துக் கொடுத்தது. சிவப்பு.

"ஒன் மோர்!" அண்ணனுக்கு வாயில் தானாக வந்துவிட்டது.

"சாமிகிட்டயே ஒன் மோரா?" பூசாரியின் கண் அங்கே நட்டிருந்த அரிவாள் பக்கம் போனது. ஆனாலும் மறுபடி போட்டார். மறுபடியும் சிவப்பு. அண்ணன் மறுபடியும் கையைத் தூக்கினார். முத்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

தீபாவளி நெருங்கிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் ஒரு பால்மரத்தடியில் உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்து, சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். விற்கப் போகிற பொருளைத் துடைப்பதுபோல இருந்தது.

அப்போது ரோட்டில் பேக்டரி பஸ் வந்து நின்றது. லெட்சுமி அக்கா நீல யூனிபார்மோடு இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டிய எடுத்துட்டா படம் முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடும்" என்றார் அண்ணன், தலையைத் தூக்காமல்.

"அப்ப கேமராவ ஓட்டுங்க."

நேராகச் சாமி முன்னால் போய் நின்றார். "முனியாண்டி, உன் பொருள எடுக்கலாமான்னு இவங்க கேட்டாங்க. நீ வேணாம்னுட்ட. சரிதான். ஆனா இது எங்கப்பா எனக்கு வாங்கிக் கொடுத்த பெட்டி. என் சேலையெல்லாம் பாயில கெடந்து கரப்பான் திங்குது. என் பெட்டிய நான் எடுக்குறதுக்கும் உன்கிட்ட கேக்கணுமா?"

பதில் சொல்ல அவகாசம் கொடுப்பதுபோலக் கொஞ்சம் நின்றார். பிறகு ஒரு தங்கக் கட்டியை எடுத்துச் சாமி காலடியில் வைத்தார். "இது உனக்கு" என்றார். மூடியைச் சாத்தி, பெட்டியைத் தலையில் தூக்கி, ஓட ஆரம்பித்தார்.

அந்த ஓட்டத்தை எந்த நாட்டு டைரக்டராலும் எடுத்திருக்க முடியாது. பின்னால் பூசாரி, அவர் பின்னால் பெண்கள், அவர்கள் பின்னால் என்ன செய்வதென்று தெரியாத முத்துவும் நானும். தவுக்கேக்கு நடப்பது நிஜமா படமா என்று புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை செத்தார். அக்கா, வேடிக்கை பார்க்க நின்றிருந்த பஸ்ஸில் தாவி ஏறி, "ஜாலான்லா டிரைவர், ஓட்டு!" என்று கத்தினார். நுரையைச் சிந்திக்கொண்டே பேக்டரி பஸ் பறந்தது. பஸ் மறைந்த பிறகும் அண்ணன் கண்ணை லென்ஸிலிருந்து எடுக்கவில்லை. நான் அவரிடம் இருந்த காலத்தில், ஒரு காட்சி முடிந்து அவர் "ஒன் மோர்" சொல்லாதது அது ஒன்றுதான்.

தீபாவளிக்கு ஹாலில் போட்டோம்.

"ஜப்பான்காரன் காலத்துல ஏதுடா பேக்டரி பஸ்ஸு?" என்று ஒருத்தன் கேட்டான்.

"அது ரகசிய பஸ்ஸு. உனக்குத் தெரிஞ்சா அப்புறம் என்ன ரகசியம்?" என்றார் அண்ணன்.

அக்கா பெட்டியைத் தூக்கி ஓடும் இடம் வந்ததும் ஹால் எழுந்து நின்றது. முடிந்ததும் ஒரு குரல் "ஒன் மோர்!" என்றது. பிறகு ஹாலே "ஒன் மோர்! ஒன் மோர்!" என்று அலறியது. முதலில் கத்தியது பூசாரி. தான் ஓடிவருவது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. கேசட்டைச் சுற்றிச் சுற்றிப் போட்டோம். அக்கா கடைசி வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. மிச்சச் சவுக்காரத்தில் துவைத்த அண்ணனுடைய சட்டைக் காலரெல்லாம் ரொம்ப நாள் தங்கமாக மின்னியது.

எனக்கு ஒரு இடத்தில் கால் தங்காது. சீக்கிரமே கிளம்பிவிட்டேன். டுரியான் துங்கால் பஸ் நிறுத்தத்துக்கு அண்ணன் கேமராவோடு வந்தார். நான் பஸ்ஸில் ஏறினேன்.

"ஒன் மோர்! முகமே தெரியலலா."

இறங்கி, மறுபடி ஏறினேன்.

"ஒன் மோர்! பை மறைக்குது."

டிரைவர் ஹாரன் அடித்தார். மறுபடியும் இறங்கினேன். அப்போதுதான் பார்த்தேன், கேமராவில் சிவப்பு விளக்கு எரியவில்லை. கேசட்டே போடாமல் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் அதைச் சொல்லவில்லை. ஏறிவிட்டு, அவர் இன்னும் ஒரு தடவை கையைத் தூக்குவாரா என்று படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.