கேட்ட கேள்வியை வாபஸ் வாங்குதல்

மதிப்பிற்குரிய பள்ளித் தாளாளர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பின் வகுப்பாசிரியையாக இருக்கும் பெண்ணின் பாட்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. நலத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று தங்களுக்குத் தெரிய வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆனால் என் பேரப்பிள்ளைகள் அப்படியில்லை. மூத்த பேரன் விமான நிலையத்தில் விமானக் கதவுகளைச் சோதிக்கிறவன். அவன் கையெழுத்துப் போடாமல் ஒரு கதவும் ஆகாயத்துக்குப் போகாது. இதுவரை அவன் மட்டும் விமானம் ஏறியதில்லை. "கதவைப் பத்தி எனக்குத் தெரியும் பாட்டி, அதான் ஏறல" என்கிறான். இரண்டாவது பேரன் பல்செட் செய்கிறவன். என் மேல்வரிசை அவன் கைவேலை. கீழ்வரிசை வேறு இடத்தில் செய்தது. இரண்டுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது. மூன்றாவதுதான் தங்கள் பள்ளியில் வேலை பார்க்கும் பேத்தி. அவள் பரீட்சையில் இரண்டாவது வந்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே என் பேத்திக்கு வகுப்பு நிறையப் பிள்ளைகள் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம்கூடச் சொல்லுவேன். இத்தனையும் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு காரணம் இல்லை.

இப்போது விஷயம். தங்கள் அலுவலகம் கேட்டபடி மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதில் என்ன இருக்க வேண்டும் என்று பேத்தியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். நான் கேட்ட கேள்வி அறியாமையால் கேட்டது, பிள்ளைகள் சொன்ன பதில்கள் நான் தூண்டிவிட்ட கற்பனை, இரண்டையும் வாபஸ் வாங்குகிறேன். இதைக் கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வர வேண்டியதில்லை. சரி ஐயா. ஒரு கேள்விக்கு இவ்வளவு எடை இருக்கும் என்று தெரிந்திருந்தால் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வாபஸ் வாங்க வரும். போன வருஷம் பேத்தி தன் வகுப்புக்கு ஒரு வலைப்பூ தொடங்கினாள். பிள்ளைகள் எழுதியதை அதில் போடுவாள், வீட்டில் இருக்கிற பெரியவர்கள் கீழே பின்னூட்டம் எழுத வேண்டும், பள்ளியும் வீடும் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிடும் என்று பெற்றோர் கூட்டத்தில் பேசினாள், எல்லோரும் கைதட்டினார்கள், கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள், ஒருத்தரும் ஒரு வரி எழுதவில்லை. பிள்ளைகள் தினமும் திறந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து இவளும் மூஞ்சியைத் தொங்கப்போட, ஒரு வீட்டுக்கு ஒரு மூஞ்சி போதும் என்று நான் போனை வாங்கி ஒற்றை விரலால் தட்டக் கற்றுக்கொண்டேன். பின்னூட்டத்துக்கு என்று ஒரு விதி வைத்திருந்தாள். ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது. முதலில் பிடித்ததைச் சொல், பிறகு ஒரு கேள்வி கேள், கடைசியில் திருத்த வேண்டிய ஒன்றைச் சொல். பிள்ளைகளுக்கு இன்னொரு விதியும் உண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது; சொல்லும்போது கண்ணால் பார்த்ததா, காதால் கேட்டதா, யாரோ சொன்னதா என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விதி என்றால் எனக்கு விதிதான். ஒரு பையன் அப்பாவின் குறட்டையைப் பற்றி எழுதியிருந்தான். நான் போட்டேன்: "குறட்டைச் சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது, நன்று. அம்மா எந்த அறையில் தூங்குகிறார்கள்? அப்பாவின் வேலையையும் பதவியையும் எழுதாமல் விட்டிருக்கலாம்." மறுநாள் அந்த அப்பா பள்ளிக்குப் போன் செய்து கத்தினார். பேத்திக்கு ஒரே சந்தோஷம், வலைப்பூவைப் படித்த முதல் பெற்றோர் அவர்தான். தேர்வு அட்டவணை போட்டாள், அதற்கும் போட்டேன்: "கோடுகள் நேராக இருக்கின்றன. சனிக்கிழமை எதற்கு? அதை எடுத்துவிட்டால் இன்னும் எடுப்பாக இருக்கும்." பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டது ஐயா. கண் டாக்டரிடம் போனபோதும், "உங்க கை பஞ்சு மாதிரி இருக்கு டாக்டர். இந்தக் கண்ணு இன்னும் எத்தனை நாள் வரும்? வாசல்ல போர்டு எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடுங்க, வர்றவங்க எல்லாம் கண்ணு தெரியாதவங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிள்ளைகள் எனக்குப் பதில் போடுவார்கள், விதி அப்படி. விதி இல்லாமலே பதில் போட்ட பெரியவர் ஒருவர்தான். கணக்கு வாத்தியார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மீதி சார். எந்தக் கணக்கைக் காட்டினாலும் "மீதி எங்கடா?" என்பாராம். பக்கத்து வகுப்புக்கு வகுப்பாசிரியர், பேத்தி வகுப்புக்குக் கணக்குக்கு மட்டும் வருவார், ஆனாலும் எங்கள் வலைப்பூவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதுவார், முடிக்கும்போது "மீதியை நாளைக்கு எழுது" என்பார். ஒருநாள் நான் அவரிடமே கேட்டுவிட்டேன், பூஜ்ஜியத்தால் ஏன் வகுக்கக் கூடாது என்று. இந்தக் கேள்வியை நான் ஐந்தாம் வகுப்பில் கேட்டபோது கிடைத்தது முதுகில் ஒரு அறை. இவர் எழுதினார்: "நல்ல கேள்வி அம்மா. வாங்கிக்க ஆளே இல்லைன்னா எப்படிப் பங்கு போடுவீங்க? மீதியை நாளைக்குப் பார்ப்போம்." ஒரு கேள்விக்கு அறை வாங்காமல் பதில் வாங்கியது அன்றைக்குத்தான். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.

பார்த்தது அவர் செத்த பிறகு. தங்கள் அலுவலகம் அனுப்பிய நாலு வரியையும் படத்தையும் பேத்தி வலைப்பூவில் போட்டாள். "திடீர் உடல்நலக் குறைவால் இயற்கை எய்தினார்" என்று இருந்தது. படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழுதேன் என்று எழுதலாம், ஆனால் அழுதுகொண்டே தட்டினால் எழுத்து வழுக்குகிறது. பிறகு விதிப்படி எழுதினேன்:

"எல்லோரும் வருந்துகிறோம் என்று எழுதியிருப்பது பிடித்தது. எப்படி இறந்தார்? படத்தை மாற்ற வேண்டும், தோளில் வேறு யாருடைய கையோ இருக்கிறது. ஆளைக் காணோம், கை மட்டும் மோதிரங்களோடு இருக்கிறது."

இவ்வளவுதான் ஐயா நான் செய்தது. அது குழுப் படத்திலிருந்து வெட்டியது என்றும், அந்தக் கை தங்களுடையது என்றும் பிறகுதான் சொன்னார்கள். தெரிந்திருந்தால் மோதிரத்தைப் பிடித்தது என்று முதலிலேயே போட்டிருப்பேன்.

அதற்குப் பிள்ளைகள் பதில் எழுதினார்கள். கேட்டால் சொல்ல வேண்டும் என்பது விதி.

பேத்தி வகுப்பின் முன்பெஞ்சுப் பெண்: "பாட்டி, நான் கண்ணால பார்த்தேன். மூணாவது பீரியட்லயே சார் நெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டுதான் கணக்குப் போட்டாரு. சட்டையெல்லாம் ஈரம்."

இன்னொருத்தி: "நான் காதால கேட்டேன். வருகைப் பதிவேடு குடுக்க ஆபீஸுக்குப் போனேன். சார் வீட்டுக்குப் போகணும்னு கேட்டாரு. பெரிய டீச்சர், 'இன்னைக்குப் பார்வையிட வர்றாங்க சார், அவங்க போனதும் நீங்க போங்க'ன்னாங்க."

மூன்றாவது, ஒரு பையன்: "சார் கொஞ்சம் உட்காரணும்னாரு. நாற்காலி இல்ல பாட்டி. உட்கார்ந்தா டீச்சருங்க தூங்கிடுவாங்கன்னு போன வருஷமே எல்லா வகுப்புலேருந்தும் எடுத்துட்டாங்க. நான் நகர்ந்து பெஞ்சுல இடம் விட்டேன். 'வேணாம்பா, கேமராவுல தெரியும்'னாரு."

கடைசியில் எங்கள் குறட்டைப் பையன்: "அன்னைக்குப் பார்வையிட யாருமே வரல. நான்தான் வாசல்ல பூச்செண்டு வச்சுக்கிட்டு நின்னேன். கண்ணால பார்த்தது."

இதற்குப் பிறகுதான் பெற்றோர் படிக்க ஆரம்பித்தார்கள். கைதட்டிவிட்டுப் போனவர்கள் எல்லாம் வந்து கேள்வி கேட்டார்கள். பேத்தி ஆசைப்பட்ட மாதிரியே பள்ளியும் வீடும் ஒரே கூரைக்குக் கீழே வந்தன, கூரைதான் தாங்கவில்லை. வலைப்பூவைப் பூட்டச் சொன்னீர்கள். பூட்டினாள்.

அன்று சாயங்காலம் பேத்தி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள்.

"பாட்டி, எழுதிக் குடுத்துடு."

"எதை?"

"எல்லாம் கற்பனைன்னு. உன் வாயாலதான வந்துச்சு, உன் கையாலயே போகட்டும்."

"ஏன்டி, இந்த ஒரு பள்ளிக்கூடந்தான் இருக்கா ஊர்ல?"

"இந்தப் பிள்ளைங்க இந்தப் பள்ளிக்கூடத்துலதான பாட்டி இருக்காங்க. இப்பப் பாதியில விட்டுட்டு வந்தா, உண்மை சொன்னதாலதான் டீச்சர் போயிட்டாங்கன்னு நினைச்சுக்குவாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் வாயைத் திறக்க மாட்டாங்க."

"நான் கற்பனைன்னு எழுதிக் குடுத்தா மட்டும் திறப்பாங்களா?"

அவள் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தாள். நான் விதிப்படி இன்னொரு கேள்வி கேட்டேன்.

"நீ என்ன பார்த்த?"

"பார்க்கல. அப்ப நான் பக்கத்து ரூம்ல வேற வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கிட்டிருந்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் சாக்பீஸ் சத்தம் நின்னது கேட்டுச்சு."

"போய்ப் பார்க்கலயா?"

"வகுப்பை விட்டு நகரக் கூடாதுன்னு உத்தரவு. நானும் நின்னுக்கிட்டுதான் பாட்டி இருந்தேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவளுக்கு அந்தப் பிள்ளைகள் வேண்டும், எனக்கு அவள் வேண்டும். ஆகவே எழுதுகிறேன்.

நான் கேட்ட கேள்வி அறியாமையால் கேட்டது. இது முழு உண்மை. அறியாததைத்தான் கேட்டேன், அறிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். அடுத்து, பிள்ளைகளின் பதில்கள் கற்பனை. இங்கேதான் பேனா நிற்கிறது ஐயா. எதைக் கற்பனை என்று எழுத? நாற்காலி இல்லாததைக் கற்பனை என்று எழுதலாம் என்று பார்த்தால், பதில்கள் வந்த மறுநாள் எல்லா வகுப்பிலும் நாற்காலி வந்ததாகவும், படம் எடுத்து முடித்ததும் திரும்பிப் போய்விட்டதாகவும் சொல்கிறார்கள். இது யாரோ சொன்னது, நான் பார்க்கவில்லை. வந்தது கற்பனையா, போனது கற்பனையா என்று தாங்களே சொல்லிவிட்டால் அப்படியே எழுதிவிடுகிறேன். பூச்செண்டு கற்பனை என்று எழுதினால் அந்தப் பையன் ஒருநாள் பூராவும் வெறுங்கையோடு வாசலில் நின்றதாக ஆகும், அதற்கும் தங்களைத்தான் கேட்பார்கள். ஆகவே மொத்தமாக எழுதிவிடுகிறேன். எல்லாம் கற்பனை. எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். பிள்ளைகள் சின்னவர்கள், நான் கிழவி, என் பேத்தி ஒன்றும் அறியாதவள். அவளைத் திங்கட்கிழமை வகுப்புக்குள் விடுங்கள்.

தங்களுக்கும் தங்கள் பள்ளிக்கும் குறைவில்லாத வாழ்வு கிடைக்கட்டும். தங்கள் நெஞ்சில் எந்த வலியும் வராமல் இருக்கட்டும். வந்தால் உட்கார இடம் கிடைக்கட்டும். பெரிய டீச்சர் அம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும். இங்கே எல்லோரும் நலம், கணக்கு வாத்தியாரைத் தவிர.

இப்படிக்கு,
வகுப்பாசிரியையின் பாட்டி

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி இதைப் பேத்தியிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். "எல்லாம் கற்பனை" என்ற இடத்தில் நிறுத்தினாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பூட்டின வலைப்பூவைத் திறந்து, என் கேள்விக்குக் கீழே பிள்ளைகளுக்கு அடுத்ததாகத் தன் பதிலை எழுதினாள்: "நான் அவர்களுடைய வகுப்பாசிரியை. பக்கத்து அறையில் இருந்தேன். சாக்பீஸ் சத்தம் நின்றதைக் காதால் கேட்டேன். போய்ப் பார்க்கவில்லை. என் மாணவர்கள் எழுதியதில் திருத்த வேண்டியது எதுவும் இல்லை." தன் முழுப் பெயரையும் போட்டாள். அவள் திங்கட்கிழமை வர மாட்டாள் என்று இப்போது தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் எழுதிக் கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் வலைப்பூவுக்கு வந்துவிட்டார்கள். விதிப்படி முதலில் பிடித்ததைச் சொன்னார்கள், பிறகு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "டீச்சர், இனிமே இங்க வந்தா நீங்க இருப்பீங்களா?" இருப்பேன் என்று எழுதியிருக்கிறாள். ஆகவே மேலே இருக்கிற மன்னிப்பை அடித்துவிடவும், கேள்வியை நான் வாபஸ் வாங்கவில்லை. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், தாள் இல்லை.

அதே இடத்தில் கணக்கு வாத்தியாரின் மனைவியும் எழுதியிருக்கிறார்கள்: "எப்படி இறந்தார் என்று நீங்கள் கேட்கும்வரை எங்களைத் தவிர யாரும் கேட்கவில்லை அம்மா. நீங்கள் சொன்னபடி வேறு படம் அனுப்புகிறேன்." அந்தப் படத்தைப் பேத்தி கடையில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு வாங்கினாள், இதனுடன் வைத்திருக்கிறேன். பள்ளி வாசல் பலகையிலும் மற்ற இடங்களிலும் பழைய படத்தை எடுத்துவிட்டு இதைப் போடவும். வீட்டில் எடுத்தது. தோளில் யார் கையும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.