ஒரே பட்டன்தானே மாமா

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சௌக்கியம். அங்கே தாங்களும் என் மகளும் குழந்தையும் மனசளவிலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது கிழவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும், மாப்பிள்ளையிடம் குரல் உயர்த்தக் கூடாது என்று உங்கள் மாமியார் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். காகிதத்தில் குரல் உயராது என்பது அவளுடைய நம்பிக்கை.

போன மாதம் தாங்கள் வந்திருந்தபோது, என்னுடைய அறுபத்திரண்டு ஸ்லைடையும் பிடிஎஃப் ஆக மாற்ற வேண்டும், அதை ஸ்க்ரீன் ரீடர் என்கிற வாசிப்பு இயந்திரம் வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் சொன்னேன். தாங்கள் தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஒரே பட்டன்தானே மாமா" என்றீர்கள். அந்தப் பட்டனை அழுத்தியவன்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

தங்களுக்கு என் உத்தியோகம் தெரியும். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில், குளோரின் வாயு கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை நிலையத்து ஊழியர்கள் இருபது பேரும் அதில் தேர்வு எழுத வேண்டும். இந்த வருஷம் அவசரத் தொலைபேசி மேசைக்கு ஒரு பெண் வந்திருக்கிறது. பிறவியிலேயே பார்வை கிடையாது. குரல் கணீரென்று இருக்கும், ஒருமுறை கேட்ட நம்பரை மறக்காது. ஆனால் இந்தத் தேர்வில் பாஸ் செய்தால்தான் அதற்கு வேலை நிரந்தரம். எங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "பாடத்தை அந்தப் பொண்ணு கேக்குற மாதிரி மாத்திக் குடுங்க. நாம எல்லாம் செஞ்சு குடுத்தோம், அதால முடியலைன்னு ஃபைல்ல இருக்கணும்ல" என்றார். அந்தப் பெண் எழுதுமுன்பே அவர் மார்க் போட்டுவிட்டார் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. அதனால்தான் வீம்புக்கு இறங்கினேன். ஆழம் தெரியாமல் காலை விட்டவன் கதை வேறு எப்படி முடியும்?

பட்டனை அழுத்தினேன். பிடிஎஃப் வந்தது. பார்க்க அவ்வளவு லட்சணம். கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் ஸ்பீக்கரை மாட்டி, "உங்களுக்காக வேகத்தைக் குறைச்சிருக்கேன் சார்" என்று ஓடவிட்டது. இயந்திரம் முதல் வரியாக, "மகள் கல்யாணம் நூற்றுப்பதினாலு நகல்" என்றது. அடுத்த ஸ்லைடிலும் அதேதான், அதற்கடுத்ததிலும் அதேதான். ஸ்லைடு மூலையில் அழகுக்கு ஒரு ரோஜா வைத்திருந்தேன் அல்லவா, அது தங்கள் கல்யாண மேடை போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தது. வெறும் அலங்காரம் என்று குறித்திருந்தால் இயந்திரம் பேசாமல் தாண்டிப் போயிருக்குமாம். நான் குறிக்காததால் அந்த போட்டோவின் பெயரையே விடாமல் வாசித்தது. "சார், உங்க மகளுக்கு அறுபத்திரண்டு தடவையா கல்யாணம்?" என்று அந்தப் பெண் கேட்டது. ஒரு தடவை செய்துவிட்டே நான் படுகிற பாடு எனக்குத்தானே தெரியும், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அது போகட்டும், பதினேழாவது ஸ்லைடைக் கேளுங்கள். என் பாடத்தின் உயிரே அதுதான். இயந்திரம் வாசிக்கிறது: வால்வை மூடவும், மயங்கியவரைத் தூக்கவும், வெளியேறவும், முகமூடி அணியவும். வெளியே வந்து காற்று வாங்கும்போது எதற்கய்யா முகமூடி? கண்ணால் பார்த்தால் முகமூடி வரி எல்லாவற்றுக்கும் மேலேதான் இருக்கிறது. ஆனால் அந்த வரியை நான் ஒட்டியது ஸ்லைடு செய்து மூன்று வருஷம் கழித்து, ஆய்வுக்கு வந்தவர் திட்டிய பிறகு. எந்தப் பெட்டியை எப்போது ஒட்டினேனோ அந்த வரிசையில்தான் இயந்திரம் வாசிக்குமாம். இருபது வருஷமாக நான் யார் யாரிடம் எப்போது திட்டு வாங்கினேன் என்கிற சரித்திரம் முழுக்க அந்தப் பெண்ணுக்கு இப்போது மனப்பாடம்.

ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவ முடியவில்லை என்றது. "இவ்வளவு பெரிசா எழுதியிருக்கேனேம்மா, அது தலைப்புதானே" என்றேன். "பெரிசா இருக்குன்னு அதுக்கு எப்படி சார் தெரியும்?" என்றது. ஒவ்வொரு துண்டுக்கும் இது தலைப்பு, இது படம், இது பட்டியல் என்று கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். டேக் என்று பேர். சரியென்று பிடிஎஃப்பைத் திறந்து உட்கார்ந்தேன். மூன்று முழு நாள். சாப்பாடு மேசைக்கே வந்தது, உங்கள் மாமியார் என்னிடம் பேசியதற்கெல்லாம் "அது அலங்காரம், விட்டுடு" என்று பதில் சொன்னேனாம், அதிலிருந்து இரண்டு நாள் பேச்சு இல்லை. எல்லாம் ஒட்டி முடித்தேன். அப்புறம் ஒரு ஸ்லைடில் ஒற்றை எழுத்துப் பிழை கண்ணில் பட்டது. ஸ்லைடில் திருத்தினேன். திருத்தினால் பிடிஎஃப்பும் புதிசாக வேண்டாமா, தாங்கள் சொன்ன அதே பட்டனை மறுபடி அழுத்தினேன். மூணு நாள் வேலையும் போச்சு மாப்பிள்ளை. ஒரு சீட்டுகூட மிச்சமில்லை. மறுபடியும் கதவைத் திறடி கதைதான். (அந்தப் பழமொழியின் முன்பாதியை நான் இப்போதெல்லாம் சொல்வதில்லை.) ஸ்லைடிலேயே சரி பண்ணிட்டு அப்புறம் மாத்தணும் என்று தாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் சோறு இருந்திருக்கும், பரவாயில்லை.

மறுபடி முதலிலிருந்து ஸ்லைடிலேயே செய்தேன். இயந்திரம் வாசிக்கத் தோதாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை நிரல் ஒன்று, படங்களுக்கு விளக்கம் எழுதச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தது. பார்வை இல்லாதவருக்கு எழுதுகிறோம், உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று மனசாட்சியோடு எழுதினேன். சோதனை நிரல் பிழை பூஜ்ஜியம் என்றது. தலைகால் புரியாமல் மேலாளரிடம் ஓடி, கேட்டுப் பாருங்கள் சார் என்று அத்தனை பேர் முன்னால் ஸ்பீக்கரைப் போட்டேன். மூன்றாவது ஸ்லைடு அவருடைய திறப்பு விழாப் படம். இயந்திரம் நிறுத்தி நிதானமாக வாசித்தது: "மேலாளர் ரிப்பன் வெட்டுகிறார். வெட்டுப்படவில்லை. தொப்பை மேசையில் இடிக்கிறது. பின்னால் நிற்பவர்கள் கொட்டாவி விடுகிறார்கள்." விளக்கம் இருக்கிறதா என்று மட்டும்தான் அந்த நிரல் பார்க்குமாம், விளக்கத்தால் என் வேலை போகுமா என்று பார்க்காதாம். மேலாளர் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

ஆனால் இதெல்லாம் ஒன்றுமில்லை. இன்று சாயங்காலம் நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாளைக் காலை பத்து மணிக்குத் தேர்வு. நான் பையைத் தூக்கும் நேரத்தில் அந்தப் பெண் தட்டித் தடவி என் அறைக்கு வந்து, "சார், நாப்பத்தோராவது ஸ்லைடுல 'அம்புக்குறி காட்டும் திசையில் அவசர வால்வைத் திருப்பவும்'னு விளக்கம் இருக்கு. எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டது. நியாயமான கேள்வி. ஆனா மூணு வாரமா சாண் ஏறினா முழம் சறுக்குது, மேலாளர் வேற மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறார், எனக்கு எங்கிருந்துதான் அந்த எரிச்சல் வந்துச்சோ, "படத்தைப் பாத்தா தெரியும்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதிலேயே விழுந்தது. அந்தப் பெண் "சரி சார்" என்று சொல்லிவிட்டு, சுவரைத் தொட்டுக்கொண்டே போய்விட்டது. எனக்கு வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. என் ஆயுசில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அந்தப் பெண் நாளை தோற்றால் அதற்கு நான்தான் காரணம், அதற்கப்புறம் அந்த அறையில் நின்று பாடம் நடத்த எனக்கு முகம் கிடையாது. அடுத்த மாதம் நானும் உங்கள் மாமியாரும் அங்கேயே நிரந்தரமாக வந்துவிடுகிறோம். தாங்கள் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அந்த அறை எங்களுக்குப் போதும். கம்ப்யூட்டரை மட்டும் என் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றிவிடவும்.

என் மகளுக்கு ஆசி, பேத்திக்கு முத்தம், தங்களைப் பெற்றவர்களுக்கு என் நமஸ்காரம். எந்தக் குறையும் இல்லாமல் எல்லோரும் நீடூழி வாழ வேண்டும் என்று வேண்டும்,

ஒரு பட்டனை நம்பிக் கெட்ட
மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். அறையை ஒழிக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக வால்வு இருக்கும் இடத்துக்கே போனேன். ஆபத்து வந்தால் மட்டும் தொடுகிற வால்வு, இத்தனை வருஷத்தில் யாரும் தொட்டதில்லை, நானும்தான். படத்தில் அம்புக்குறி இடப்பக்கம் சுற்றுகிறது. சக்கரத்தில் பெயின்ட் அடித்த அம்புக்குறியோ வலப்பக்கம் சுற்றுகிறது. தலைப்பை மறைக்கிறதென்று அந்தப் படத்தை என்றைக்கோ கண்ணாடியில் தெரிகிற மாதிரி புரட்டிப் போட்டவன் நான்தான். "வலப்பக்கம், கடிகார முள் சுற்றும் திசை" என்று விளக்கத்தைத் திருத்தி, பட்டனை அழுத்தி, ஓடிப்போய் அந்தப் பெண்ணிடம் கொடுத்து, நேற்றுப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். "அதை விடுங்க சார், வலப்பக்கம்தானே?" என்றது. மற்றவர்களிடம் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

பத்தொன்பது பேர் இடப்பக்கம் என்று எழுதினார்கள். அந்தப் பெண் மட்டும் வலப்பக்கம். பழைய விடைக்குறிப்பின்படி அது தப்பு, அந்த ஒரு கேள்வி தப்பானால் ஆள் ஃபெயில். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் மேலாளர். நான் அவர் கையைப் பிடித்து, ஆமாம் மாப்பிள்ளை, கையைப் பிடித்து, வால்வு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி மூடச் சொன்னேன். இடப்பக்கம் முக்கிப் பார்த்தார், அசையவில்லை. முகம் சிவந்தது. "வலப்பக்கம் சார்" என்றேன். சும்மா சுற்றியது.

அந்தப் பெண்ணுக்கு நூற்றுக்கு நூறு. வேலை நிரந்தரம். பத்தொன்பது பேருக்கும் திங்கட்கிழமையிலிருந்து நான் மறுபடி பாடம் நடத்த வேண்டும், மேலாளரும் வந்து உட்காருகிறார். எல்லோருக்கும் அந்தப் பிடிஎஃப்தான் வேண்டுமாம். இருபது வருஷமாக எத்தனையோ பேர் அந்த ஸ்லைடுகளைப் பார்த்தார்கள் மாப்பிள்ளை. வாசித்தது அந்தப் பொண்ணு ஒருத்திதான்.