பொன்னாடை மாஸ்டரும் மூன்று நிமிடமும்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து நேராக வராது, நடுவில் மறந்தும் போவேன். முதலிலேயே மன்னித்துவிடுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன்: சுவிஸில் ஆரா நகரத்தில் பொன்னாடை மாஸ்டரின் பொன்னாடை விழாத தோளே கிடையாது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நான் துப்புரவு வேலை செய்த பள்ளிக்கூடத்துக்குப் புதன்கிழமை பின்னேரங்களில் தமிழ் படிப்பிக்க வருவார். முதுகில் பெரிய பை. அதற்குள் புத்தகம் இரண்டு, பொன்னாடை பத்து. நல்லது செய்த ஆளைக் கண்டால் நின்ற இடத்திலேயே போர்த்திவிடுவார். விசாப் புதுப்பித்துக் கொடுத்த கந்தோர்ப் பெண்ணுக்கு ஒன்று. பல் பிடுங்கிய வைத்தியருக்கு, வாயில் பஞ்சோடு எழும்பி நின்று ஒன்று. வெளிச்சமில்லாத சைக்கிளில் போன தன்னை மறித்த பொலிஸ்காரருக்கும் ஒன்று. அந்தப் பொலிஸ்காரர் தண்டத்தையும் எழுதினார், பொன்னாடையையும் கழற்றவில்லை.

இத்தனை பொன்னாடைக்கும் எங்கே போவார் என்று கேட்பீர்கள். கோயிலிலும் கலியாண வீடுகளிலும் அவருக்குப் போர்த்தியவைதான். ஒருமுறை அவர் கொடுத்ததே நாலு தோள் சுற்றி அவர் தோளுக்கே திரும்பி வந்தது. கரையிலிருந்த குழம்புக் கறையை வைத்து அடையாளம் பிடித்தார்.

நான் வெட்கக்காரி. அவர் பைக்குள் கையை விட்டாலே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன்.

"அக்கா, நில்லுங்கோ! தரை கண்ணாடி மாதிரிக் கிடக்கு. ஒரு மரியாதை செய்யவேணும்!"

"ஐயோ மாஸ்டர், ஈரம் காயேல்லை, வழுக்கும். வராதேங்கோ!"

ஒரு வருசம், நாட்டு வாக்கெடுப்பு ஒன்றுக்கு முன்னம், வெளிநாட்டுக்காரர் வேண்டாம் என்று படம் போட்ட சுவரொட்டியைப் பஸ் தரிப்பிடத்தில் ஒட்டியிருந்தார்கள். மாஸ்டரிடம் படித்த ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி, இங்கேயே பிறந்தவள், வகுப்பில் எழும்பிக் கேட்டாள். "மாஸ்டர், அந்தப் படத்தில இருக்கிறது நாங்களோ?"

நன்றியுரையே முக்கால் மணித்தியாலம் சொல்லும் மனுசன், "வாற புதன் சொல்லுறன், பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பிள்ளையின் வகுப்பு ரீச்சர் பிரிகிட்டா. அவ ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு பிரேரணை எழுதிக் கொடுத்திருந்தா. சந்தாவில் ஒரு சிறு துண்டை ஒதுக்கி, இனவாதத்தை எதிர்க்க அரசியல் நிதி ஒன்று வைக்கவேண்டும். அப்படிச் சுவரொட்டி வந்தால் சங்கமும் பதில் சுவரொட்டி ஒட்டவேண்டும், வாக்கெடுப்பு வந்தால் வாய் திறக்கவேண்டும். கூட்டம் செவ்வாய்க்கிழமை, எங்கள் பள்ளி மண்டபத்திலேயே. மாஸ்டரையும் பேசச் சொன்னா. குடியுரிமை இல்லாமல் நாட்டில் வாக்கில்லாத மனுசனுக்கு, உறுப்பினர் என்றபடியால் சங்கத்தில் வாக்கிருந்தது. ஒரேயொரு கரைச்சல், ஒருவருக்கு மூன்று நிமிடம்தான்.

திங்கட்கிழமை பள்ளி விறாந்தையில் ஒத்திகை. முட்டை அவிக்க நேரம் வைக்கிற மணியை என் கையில் தந்துவிட்டுத் தொடங்கினார். தலைவருக்கு வணக்கம், செயலாளருக்கு வணக்கம், பொருளாளருக்கு வணக்கம்...

மணி அடித்தது.

"மாஸ்டர், மூண்டு நிமிசம் முடிஞ்சுது."

"என்னக்கா இது! நான் இன்னும் முன்வரிசையே தாண்டேல்லை!"

"வணக்கத்தைக் கொஞ்சம் குறையுங்கோவன்."

"வணக்கம் சொல்லாமல் கதைக்கிறதோ? சபை என்ன நினைக்கும்?"

செவ்வாய்க்கிழமை கோப்பைகள் அடுக்குகிற சாட்டில் நான் பின்கதவடியில் நின்றேன். கூட்டம் டொச்சில், அதாவது ஜேர்மன் பாஷையில். அதைக் கதைக்கத்தான் எனக்கு வெட்கம், கேட்டால் விளங்கும். பிரிகிட்டா பிரேரணையை வாசித்தா. முன்வரிசை நடுவில் பெரிய மீசைக் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். "சங்கம் என்றால் சம்பளமும் வகுப்பறையும். அரசியல் எங்களுக்கு எதற்கு?" என்று பக்கத்து ஆளுக்கு மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார். மாஸ்டருக்கு அடுத்ததாகப் பேச இருந்தவரும் அவரே.

மாஸ்டர் மேடையேறினார். தலைவருக்கு வணக்கம். செயலாளருக்கு வணக்கம். இடது பக்கத்தாருக்கு, வலது பக்கத்தாருக்கு, பின்னால் கோப்பையோடு நிற்கும் அக்காவுக்கும் வணக்கம். எல்லாரும் திரும்பிப் பார்க்க, நான் தட்டத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். மணி அடித்தது. இனவாதம் என்ற சொல்லே வெளியே வரவில்லை. பிரிகிட்டா கண்ணை மூடிக்கொண்டா.

மாஸ்டர் இறங்கினார். எங்கள் ஊர் விழாக்களில் முன்வரிசை நடுவில் இருப்பவர்தானே பிரதம விருந்தினர்? பையைத் திறந்தார், சரிகைக்கரைப் பொன்னாடையை எடுத்து உதறினார், மீசைக்காரரின் தோளில் போர்த்திக் கும்பிட்டார்.

என் கையிலிருந்த கரண்டிகள் கலகலவென்று விழுந்தன.

மீசைக்காரர் மினுமினுத்துக்கொண்டு மேடைக்குப் போனார். குறிப்புக் கடதாசியைப் பார்த்தார். பொன்னாடையைப் பார்த்தார். அப்படியொரு கோலத்தில் யாரால் எதிர்த்துப் பேச முடியும்? "இந்த மனிதர் இன்னும் தொடங்கவேயில்லை. என் மூன்று நிமிடத்தை அவருக்குக் கொடுக்கிறேன்" என்றார்.

மாஸ்டர் திரும்ப ஏறினார். இன்னொருமுறை வணக்கம் வரப்போகிறது என்று நான் அம்மாளாச்சியைக் கும்பிட்டேன். வரவில்லை. டொச்சில் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"பஸ் தரிப்பிடத்துப் படத்தில இருக்கிறது நாங்களோ எண்டு என்ர மாணவி கேட்டவள். நாளைக்குப் பதில் சொல்லுறன் எண்டு சொல்லியிருக்கிறன். என்ன சொல்லட்டும்?"

இறங்கிவிட்டார். அவர் வாழ்நாளிலேயே குறுகிய பேச்சு அது.

பிறகு வாக்கு அட்டைகள் எழும்பின. மண்டபம் முழுக்க மஞ்சள். நிதி நிறைவேறியது.

அடுத்த நாள் நான் வகுப்பு வாசலைத்தான் திரும்பத் திரும்பத் துடைத்தேன். உள்ளே மாஸ்டரின் குரல் கேட்டது. "பிள்ளை, நேற்று ஒரு மண்டபம் நிறைய ரீச்சர்மார் கை தூக்கிச் சொன்னவை, நீ எங்கட பிள்ளை எண்டு. இனி அப்பிடிப் படம் ஒட்டினால் அவையும் ஒட்டுவினம்."

"அப்ப உங்களையும் சொன்னவையோ, மாஸ்டர்?"

"என்னைப் பற்றிக் கேக்க நேரம் காணாமல் போச்சு!"

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் நானும் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

இப்போது மாஸ்டர் பிரெஞ்சு பேசும் லொசான் ஊரில் மகளோடு இருக்கிறார். பிரெஞ்சுத் தோள்கள் கவனம்.

அன்று கூட்டத்தில் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், இரண்டு விசயத்தைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். அட்டைகள் மஞ்சள்தானா? மீசைக்காரரும் அட்டையைத் தூக்கினாரா? பொன்னாடை மறைத்ததால் எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது ஒன்றும் உண்டு, அதை யாரும் சரிபார்க்கத் தேவையில்லை. அவர் ஊர் மாறிய அன்றும் நான் ஓடித்தான் ஒளிந்தேன். திரும்பி வந்தபோது என் துடைப்பத் தடியில் ஒரு பொன்னாடை போர்த்தியிருந்தது. குழம்புக் கறை பட்டதுதான். குளிர் நாட்களில் ஜன்னலை மூடிவிட்டு, யாரும் பார்க்காமல் போர்த்திக்கொள்கிறேன்.