ஆய்வுக்கு உகந்த காடு

சைக்கிள் ஓட்டுவதற்குச் சைக்கிளும் பாதையும் இருந்தால் போதும் என்று எங்கள் சைக்கிள் சங்கத்தில் எல்லாரும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தோம். அனுமதி என்று இன்னொன்றும் வேண்டும் என்பதை அரசாங்கம்தான் அன்புகூர்ந்து எங்களுக்கு எடுத்துரைத்தது.

திருச்சிக்குத் தெற்கே நெடுங்கரடு என்று ஒரு குன்றுக் காடு. உசிலையும் வெள்வேலும் மண்டிக் கிடக்கும். மேடு பள்ளத்தில் ஓட்டுவதற்கென்றே செய்த மலைச் சைக்கிள்களுக்காக, அதற்குள் ஒற்றையடிப் பாதைகளை நாங்களே போட்டிருந்தோம். 'நாங்கள்' என்று நான் சொல்வது சங்கச் செயலாளர் என்ற முறையில். மண்வெட்டி பிடித்தது ஜென்சி. அரியமங்கலத்தில் லேத் பட்டறை நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு காட்டுக்குப் போய்விடுவார். கல்லைப் புரட்டி, மேடு கட்டி, ஒரு பெரிய உசிலை மரத்தைச் சுற்றிக்கொண்டு சரேலென்று இறங்கும் வளைவு ஒன்றை அமைத்திருந்தார். அதில் இறங்கினால் வயிறு ஒரு கணம் தொண்டைக்கு வந்து போகும். அந்த வளைவென்றால் ஜென்சிக்கு உயிர்.

மற்றவர்கள் ஆடை அலங்காரப் பொறுப்பை ஏற்றிருந்தோம். எங்கள் தலைவர் ஸ்ரீரங்கம் ஸ்ரீநிவாஸ் உடம்பைக் கவ்விப் பிடிக்கும் பனியனும் விரலில்லாத கையுறையும் போட்டு, ஹெல்மெட்டில் கேமரா வைத்துக்கொண்டு வருவார். அரை மணி நேரம் ஓட்டுவார். ஒரு மணி நேரம் படம் எடுத்துக்கொள்வார். இப்படியாகச் சங்கம் செழித்து வந்தது.

அப்போதுதான், அனுமதி வாங்காவிட்டால் பாதையை மூடிவிடுவோம் என்று சாகச வசதிகள் நெறிப்படுத்தும் அலுவலகத்திலிருந்து தாக்கீது வந்தது. தலைவரும் ஜென்சியும் நானும் ஓடினோம். அதிகாரி மாத்ருபூதம் தங்கமான மனிதர். உட்காரச் சொன்னார்.

"அனுமதி தரறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைங்க. நேர்ல வந்து ஆய்வு பண்ணணும், அவ்வளவுதான்."

"நாளைக்கே வாங்க சார். என்னோட சைக்கிளையே தரேன்," என்றார் ஜென்சி.

"ஆய்வுக்கு ஜீப்லதாங்க போகணும். விதி இருக்கு."

"பாதையே ரெண்டடிதாங்க சார். ஜீப் எப்படிப் போகும்?"

"அதைத்தாங்க நானும் கேக்கறேன். எப்படிப் போகும்?"

"அப்ப நடந்து வந்து பாருங்களேன்."

அதிகாரியின் முகம் வாடிவிட்டது. "நடந்தா அது ஆய்வு இல்லைங்க மேடம், வாக்கிங். வாக்கிங் போனேன்னு நான் ரிப்போர்ட் எழுத முடியுமா?"

நியாயமான கேள்வி. தலைவர்தான் சட்டென்று வழி கண்டார்.

"ஜீப் போற அளவுக்கு நாங்களே அகலப்படுத்திடறோம் சார். ஆய்வு முடிஞ்சதும் பழையபடி சுருக்கிண்டாப் போச்சு."

"பிரமாதம்! இந்த மாதிரி பொறுப்புள்ள பொதுமக்களைப் பாக்கறதே அபூர்வங்க," என்று எழுந்து கைகொடுத்தார் மாத்ருபூதம்.

வெளியே வந்ததும் ஜென்சி தலைவரைப் பிடித்துக்கொண்டார். "உசிலை மரத்து வளைவுல ஜீப் திரும்பாதுங்க."

"வளைவை எடுத்துடலாம். வெறும் வளைவுதானேம்மா?"

"அதுக்கு ரெண்டு வருஷம் மண்ணு சுமந்திருக்கேன் சார்."

"பாதை மொத்தமும் மூடிப்போறதைவிட ஒரு வளைவு போனாப் பரவாயில்லையே," என்றார் தலைவர். இதை மறுத்துப் பேசச் செயற்குழுவில் ஆள் இல்லை. மரமானது ஆய்வுக்கு இடையூறாக நிற்கிறது என்று தீர்மானம் நிறைவேறியது. கையெழுத்துப் போட்டவன் நான்.

ஜே.சி.பி. வந்த அன்று ஜென்சியும் வந்து நின்றார். மரம் சாய்ந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் வேலை கச்சிதமாக முடிந்ததைச் சொல்லத்தான் வேண்டும். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு, ஜீப் குலுங்காதபடி கிராவல் அடித்துச் சமன் செய்துவிட்டோம்.

மாத்ருபூதம் ஜீப்பில் வந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனார், திரும்பினார், இறங்கினார்.

"எல்லாம் சரிங்க. சைக்கிள் பாதை எங்க?"

"இதுதான் சார்."

"இது ரோடுங்க."

"சைக்கிள் பாதையாத்தான் சார் இருந்தது. உங்க ஜீப்புக்காகத்தான் இப்படிப் பண்ணோம்," என்றார் ஜென்சி.

"இருந்ததுக்கெல்லாம் அனுமதி தர முடியாதுங்க மேடம். இருக்கறதுக்குத்தான் தர முடியும்." ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவர் மனமிரங்கித் தலையை வெளியே நீட்டினார். "கவலைப்படாதீங்க. ரோட்டுக்கு எங்க அனுமதியே தேவையில்லை."

அதன் பிறகு சங்கத்துக்குப் பொற்காலம். உறுப்பினர் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. எல்லாரும் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு நேரே கரட்டின் உச்சிக்கே வந்துவிடுவோம். சைக்கிளை இறக்கி, பக்கத்தில் நின்று படம் எடுத்து, மறுபடியும் கட்டிக்கொண்டு தில்லை நகர் ஓட்டல் ஒன்றுக்குப் பொங்கல் வடை சாப்பிடப் போய்விடுவோம். சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது.

ஆண்டுப் பொதுக்கூட்டமும் அதே ஓட்டலின் மாடியில்தான். கடைசியில் ஜென்சி எழுந்தார். பட்டறையிலிருந்து நேரே வந்திருந்தார், கையில் கிரீஸ்.

"ஆய்வு முடிஞ்சதும் பழையபடி சுருக்கிடலாம்னு சொன்னீங்க. நாலு உசிலைக் கன்னு வாங்கி வெச்சிருக்கேன். இந்த ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கலாமா? நீங்க யாரும் மண்வெட்டி பிடிக்க வேண்டாம். நானே பாத்துக்கறேன். சரின்னு மட்டும் சொல்லுங்க."

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சுருக்கறதுல எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை ஜென்சி. ஆனா சுருக்கிட்டா நாம எல்லாரும் உள்ள எப்படிப் போறது?"

"சைக்கிள்ல போகலாமே," என்றார் ஜென்சி.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்த நிமிடம் மாடியே அதிரும்படி மொத்தச் சங்கமும் சிரித்தது. தலைவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இத்தனை நகைச்சுவை உணர்வுள்ள மனுஷி அதற்குப் பிறகு ஏன் சங்கத்துப் பக்கமே தலைகாட்டவில்லை என்பதுதான் எங்களில் ஒருவருக்கும் இன்றுவரை விளங்கவில்லை.