கொரியா அக்காவும் மண்டியிட்ட ராஜாவும்

எந்த நாட்டிலோ, எந்தக் காலத்திலோ ஒரு ராஜா எதிரியிடம் பணிந்துபோனதற்காக ஒரு நாள் முழுக்க அடுப்பு மூட்டாத பெண்மணி உலகத்திலேயே ஒருவர்தான். ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெஸ் நடத்தும் கொரியா அக்கா. அன்று பட்டினி கிடந்தவர்களில் நானும் உண்டு என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

மலைக்கு மாற்றலாகி வந்த புதிதில் அந்தப் பெயரே எனக்கு விளங்கவில்லை. அக்கா போளூரைத் தாண்டிப் போனவரில்லை. ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் உப்பு ஜாடி மேல் போனைச் சாய்த்து வைத்து, தமிழ் பேசும் கொரியப் படமாகப் பார்த்துத் தள்ளுவார். வில்லன் வரும் நேரத்தில் தோசை கேட்டால் தீய்ந்துதான் வரும். காதலர்கள் பிரிந்தால் குழம்பில் இரண்டு முறை உப்பு விழும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் சமையற்கட்டுப் பக்கம் காதைக் கொடுத்து, அங்கே கல்யாணமா கருமாதியா என்று தெரிந்துகொண்ட பிறகே இலை முன் உட்காருவார்கள்.

ஒருமுறை அரண்மனைப் படம் ஒன்று மாட்டியது. பெரிய படை துரத்திவர, ராஜா மந்திரிகளோடு ஒரு மலைக்கோட்டைக்குள் போய் அடைந்துகொள்கிறார். வெளியே எதிரி, உள்ளே பனி. குதிரைக்குத் தீனி தீர்ந்தது. பிறகு குதிரையே தீனியானது. ஒரு மந்திரி, பணிந்து போனால் சனம் பிழைக்கும் என்கிறார். இன்னொருவர், செத்தாலும் தலை குனியக் கூடாது என்கிறார். அக்கா இரண்டாமவர் கட்சி.

"மலை மேல கீறவன் எதுக்குப்பா கீழ கீறவனுக்குப் பயப்படணும்" என்று, எங்களுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே ராஜாவுக்கு யோசனை சொன்னார்.

ராஜா கேட்கவில்லை. கோட்டையை விட்டு இறங்கி வந்து, எதிரி முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையில் படத் திரும்பத் திரும்பக் கும்பிட்டுவிட்டார்.

அக்காவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. "இன்னா தம்பி இது. ராஜாப்பா அவன்." சொந்தத்தில் யாரோ போய்விட்ட மாதிரி சுவரில் சாய்ந்துவிட்டார். மறுநாள் மெஸ் திறக்கவில்லை. தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவர் கதவைத் தட்டி, "ராஜா பண்ணது சரிதானேங்க்கா, சனம் பொழைச்சுதே" என்று ஆறுதல் சொல்லப் போனார். அடுத்த பல நாட்களுக்கு அவர் இலைக்கு மோர் வரவில்லை.

அக்காவுக்கே ஒரு எதிரி இருந்தார். எதிர்வாடையில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அக்காவின் சாம்பாரில் பருப்பைத் தேட டார்ச் லைட் வேண்டும் என்று அவர் எப்போதோ சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. கூப்பிடு தூரத்தில் கடை இருக்க, அரிசியிலிருந்து உப்பு வரை போளூரிலிருந்து பஸ்ஸில் போட்டுத்தான் வரவழைப்பார் அக்கா.

போன ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. அன்று சந்தை வேறு. கீழேயிருந்து வந்தவர்கள் பிள்ளை குட்டிகளோடு இறங்க வழியில்லாமல் பள்ளிக்கூடத்தில் ஒண்டினார்கள். யாரும் கேட்காமலேயே அக்கா பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினார். முதலில் சோறு. பிறகு கஞ்சி. பிறகு கஞ்சி மாதிரி ஒன்று. மழை நிற்பதற்குள் அரிசி நின்றுவிட்டது.

கிளார்க் மளிகைக் கடைக்கு ஓடினார். அங்கே மூட்டைகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன.

"தர்றேன். எனக்கின்னா. சமைக்கப் போறவ வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும்" என்றார் மளிகைக்காரர்.

மெஸ்ஸில் ராஜசபை கூடியது.

"ஒரு வார்த்தைதானேங்க்கா, கேட்டுடுங்க" என்றார் கிளார்க்.

"வேணாங்க்கா. மானம் போச்சின்னா வராது" என்றார் பக்கத்து டீக்கடை மாஸ்டர்.

காலிச் சாக்கின் மேல் உட்கார்ந்து அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு நனைந்துகொண்டு வந்து நின்றாள். "பால் வரலங்க்கா. எனக்குக் கொஞ்சம் கஞ்சித்தண்ணி இருந்தா குடுங்க."

அக்கா அண்டாவை எட்டிப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மழையில் இறங்கினார். சண்டைக்குத்தான் போகிறார் என்று விலக்கிவிட நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

கடை வாசலில், சேற்றில், மண்டியிட்டு நெற்றி தரையில் படக் கும்பிட்டார் அக்கா.

டீ மாஸ்டர் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து அவர் கால் மேலேயே கொட்டியது, அவருக்குத் தெரியவில்லை. மளிகைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. அவர் எதிர்பார்த்தது ஒரு வார்த்தை. கொரியப் படம் எதுவும் பார்த்தவரில்லை என்பதால், அக்காவுக்குச் சாமி வந்துவிட்டது என்றே முடிவு கட்டினார்.

"எழுந்திரும்மா. எனக்கு ஏன் பாவம் சேக்கற. எவ்ளோ வேணுமோ எடுத்துக்கோ" என்று நடுங்கினார்.

அக்கா எழவில்லை. இன்னொரு தடவை கும்பிட்டார். "ராஜா ஒரு தடவையோட வுடல" என்றார், முகத்தைத் தூக்காமல்.

அவர் கும்பிட்டு முடிப்பதற்குள் மளிகைக்காரரே ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவைத் தாண்டிவிட்டார்.

பாதை சரியாகும் வரை அண்டா இறங்கவில்லை. மளிகைக்காரரும் வந்து பந்தியில் உட்கார்ந்தார். சாம்பாரைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. அக்கா இன்னமும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அரிசி மட்டும் இப்போது போளூரிலிருந்து வருவதில்லை.

வெயில் வந்த பிறகு ஒரு மத்தியானம், அக்கா அந்தப் படத்தின் கடைசிக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ராஜா மேல கோவமாக்கா" என்றேன்.

"கோவம் இன்னா கோவம். பாவம் தம்பி. அவ்ளோ பேர் சுத்தி நிக்கறானுங்க. எழுந்திருக்கறப்ப ஒருத்தன் கை குடுக்கல பாரு."

அன்று சேற்றிலிருந்து அக்கா எழுந்தபோது கை கொடுத்தவன் நான். இந்த மலையில் எத்தனையோ வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். உருப்படியாகச் செய்த வேலை எது என்று கேட்டால், அதைத்தான் சொல்வேன்.