தொப்பி கழற்றாத ஞானி

நரின் மலைப் பக்கம் எங்கள் ஊரில் அந்தக் குளிர்காலம் ஆடுகளை முந்திக்கொண்டு அதிசயங்கள் குட்டி போட்டன. காரணம், ஜபர்குல் வைத்தியர். யார் வீட்டு விருந்தறையிலாவது உட்கார்ந்து கண்ணை மூடினாரென்றால் கொட்டகைக்குள் நடப்பதைச் சொல்வார். "கறுப்பு ஆடு இடப்பக்கச் சுவரோரம் படுத்திருக்கு" என்பார். ஓடிப்போய்ப் பார்த்தால் படுத்திருக்கும். எல்லார் கொட்டகையிலும் கேமரா இருந்தது. ஆனால் கைபேசியில் பார்த்தால் அது வெறும் ஆடு. வைத்தியர் சொன்னால் அருள்.

அவர் முறை எளிது. முதலில் வைஃபை பெட்டிக்கு அர்ச்சா மரச் சுள்ளிப் புகை. புகை அடங்கும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம், குடும்பமே கண்ணை மூடியிருக்க வேண்டும். பிறகு பெட்டிக்கு ஒரு தாயத்து. "பெட்டியோட பூட்டை மட்டும் மாத்திடாதீங்க. முன்னோர் ஆவி அதுலதான் குடியிருக்கு." வாசலில் அவர் சீடன் மிர்லான் காருக்குள்ளேயே இருப்பான். அவனுக்குத் தேநீர்கூட வேண்டாம். வைத்தியரோ, அடுப்பு எரியும் அறையிலும் காதை மூடும் நரித்தோல் தொப்பியைக் கழற்ற மாட்டார். ஞானத்துக்குச் சளி பிடித்துவிடுமாம்.

துர்சுன்புபு புருஷனை இழந்தவள். நிறைசினையாக ஒரே ஒரு பெண்குதிரை. அது ஈன்றால்தான் பால். பால் இருந்தால்தான் அதைப் புளிக்கவைத்துக் குமிஸ். குமிஸ் விற்றால்தான் மூன்று பிள்ளைகளுக்குச் சோறு. வைத்தியர் கண்ணை மூடிப் பார்த்தார்.

"வயித்துல இருக்கறது செத்துப்போச்சும்மா. குதிரைமேல பேய் உட்கார்ந்திருக்கு. நாளைக்கு மத்தியானம் நானே ஓட்டிக்கிட்டுப் போயிடறேன். அதுவரைக்கும் கொட்டகைப் பக்கம் போகாத. கேமராவையும் பார்க்காத."

அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். பக்கத்து வீட்டு சயிராகுல் ஆட்டவில்லை. இணைய இணைப்பு கொடுப்பது அவள் வேலை. மறுநாள் காலை குதிரைக்குப் புல் போட்டுவிட்டு வந்து பெட்டியைப் பார்த்தாள்.

"அக்கா, இதுல இருக்கற பூட்டு இருபது வருசப் பழசு. கேமரா படம் அனுப்ப அனுப்ப, வெளியில உட்கார்ந்து காத்துல வர்றதைச் சேர்த்தா போதும். பத்து நிமிசத்துல சாவி கையில, கேமரா காட்டறதெல்லாம் கண்ணுல."

"பூட்டை மாத்தினா ஆவி கோவிச்சுக்குமேடி!"

"கோவிச்சா என் வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

டபிள்யூ.இ.பி. என்ற பழைய பூட்டு போய், டபிள்யூ.பி.ஏ.2 என்ற வலுவான பூட்டு வந்தது. நீளமான புதுக் கடவுச்சொல்லும் வந்தது. கேமராவுக்கும் அதையே கொடுத்துவிட்டுத் தன் கைபேசியில் கொட்டகையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வைத்தியருக்காகக் காத்திருந்தாள்.

மத்தியானம் ஊரே முற்றத்தில் நின்றது. வைத்தியர் கயிற்றோடு வந்தார்.

"ஐயா, ஓட்டிக்கிட்டுப் போறதுக்கு முந்தி ஒரு தடவை உள்ள பார்த்துச் சொல்லிடுங்களேன்" என்றாள் சயிராகுல்.

வைத்தியர் கண்ணை மூடினார். தொப்பியைக் காதோடு அழுத்தினார். மறுபடி அழுத்தினார். அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்தது.

"குதிரை... படுத்துக் கிடக்கு. பேய் கழுத்தை நெரிக்குது. குட்டி உயிரோட பொறக்காது!"

சயிராகுல் கதவைத் திறந்தாள். குதிரை நின்றுகொண்டிருந்தது. அதன் மடியில் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது, உடம்பின் ஈரம்கூடக் காயாத ஒரு குட்டி. துர்சுன்புபு ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சயிராகுல் வைத்தியரின் தொப்பியைப் பிடுங்கினாள். சின்னக் கருவி ஒன்று தரையில் விழுந்து மிர்லான் குரலில் கத்தியது:

"அண்ணே, பூட்டை மாத்திட்டாங்க! ஒண்ணுமே தெரியல! வழக்கம்போல பேய்னு ஏதாச்சும் அடிச்சு விடுங்க!"

ஊரே வாசலில் நின்ற காரைப் பார்த்தது. குரலுக்குப் பின்னாலேயே கார் கிளம்பியது. வைத்தியர் அதன் பின்னால் ஓடினார், முதல் முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டு.

அன்று சாயங்காலம் சயிராகுல் வீட்டு வாசலில் பெரிய வரிசை. எல்லார் கையிலும் பழைய பெட்டி. முதலில் நின்றவர் பணிவாகக் கேட்டார்:

"ஏம்மா, இந்தப் புதுப் பூட்டுக்கு எந்தச் சுள்ளியில புகை போடணும்?"

பெட்டிகளுக்கெல்லாம் ஒரே வாரத்தில் புதுப் பூட்டு போட்டுவிட்டாள். மண்டைகளுக்குப் போட்ட பூட்டைத்தான் அவளால் கழற்ற முடியவில்லை. அதன் சாவி அவரவர் கையில் இருக்கிறது.