தரையிலிருந்து வரும் உறுமல் செல்லாது

தழைவனம் என்றொரு நாடு. அங்கே கோவாலாக்கள் குடிமக்கள், நாய்கள் அதிகாரிகள். இந்த ஏற்பாடு எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. வந்த அன்று குடிமக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தைலமர இலையைத் தின்றுவிட்டுச் செரிக்க அவ்வளவு தூக்கம் வேண்டியிருந்தது. அதனால்தான் அங்கே சட்டங்களை நண்பகலில் வாசித்தார்கள். எல்லாச் சட்டமும் ஒருமனதாக நிறைவேறியது.

தழையாயி என்ற கோவாலாவுக்கு மட்டும் தூக்கம் போய்விட்டிருந்தது. குட்டி மொக்கு முதுகில் ஏறிய நாளிலிருந்து அவளுக்கு எதன்மேலும் சந்தேகம்தான். காற்று நின்றால் சந்தேகம். மந்திரி சிரித்தால் இரட்டைச் சந்தேகம்.

அந்த நாட்டில் உறுமித்தான் வாக்களிப்பார்கள். அவரவர் மரத்தில் இருந்து உறும வேண்டும். தரையிலிருந்து வரும் உறுமல் கணக்கில் சேராது. மரங்கள் மண்டிக்கிடந்த காலத்தில் இதை யாரும் தப்பாக நினைக்கவில்லை.

கோவாலா பாதுகாப்புத் துறைக்கு அலுவலகம் கட்ட வடக்குத் தோப்பை வெட்டினார்கள். அலுவலகத்துக்கு அதிகாரிகள் போய்வரச் சாலை வேண்டுமே, தெற்குத் தோப்பும் போயிற்று. சாலையில் கோவாலாக்கள் அடிபட்டுச் செத்தார்கள்; அவர்களுக்கு எச்சரிக்கைப் பலகை செய்ய மேற்குத் தோப்பு உதவியது. வீடிழந்து தரையில் கிடந்தவர்களுக்குக் கண்ணில் பீளை கட்டி நோய் பரவியபோது அரசு சும்மா இருக்கவில்லை. நோய் என்ற சொல்லைத் தடை செய்தது.

கடைசியில் கிழக்கே ஒரு மரம் மிஞ்சியது. அது தழையாயியின் மரம்.

பாதுகாப்புத் துறை மந்திரி வேட்டைவேல் வந்து அடிமரத்தைச் செல்லமாகத் தட்டினார். "தாயி, உங்க இனத்துக்கு நினைவு மண்டபம் கட்டப்போறோம். இந்த இடம்தான் தோதா இருக்கு."

"நாங்க இன்னும் சாகலையே ஐயா?"

"அதான் முன்கூட்டியே திட்டமிடுறது. இதுக்குப் பேருதான் நிர்வாகம்."

"அப்படின்னா வாக்கெடுப்பு வையுங்க. மரத்துல இருக்கிறது நான் ஒருத்திதான்."

மந்திரி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

வாக்கெடுப்பு நாளன்று சாலையோரம் முழுக்கச் சிமெண்டு மரங்கள் நின்றன. பச்சைச் சாயம் இன்னும் காயவில்லை. ஏணி வைத்து ஏற்றப்பட்ட புதுக் குடிமக்கள் சாம்பல் நிறக் கம்பளி போர்த்தி உச்சியில் நடுங்கிக்கொண்டு, மண்டபத்துக்கு ஆதரவாக உறுமினார்கள்.

"ஐயா, அது குரைக்குதே!" என்று கத்தினாள் தழையாயி.

"வட்டார வழக்கு," என்றார் தேர்தல் அதிகாரி, நிமிர்ந்து பார்க்காமலே. பிறகு நிமிர்ந்தார். "அது சரி, உச்சி வெயில்ல நீ எப்படி முழிச்சிருக்கே? கோவாலான்னா தூங்கணுமே?"

கீழே கூடியிருந்த மரமில்லாதவர்களில் கிளைமுத்து என்பவரை முன்னே அழைத்தார்கள். ஒரு காலத்தில் தழையாயியின் பக்கத்து மரத்துக்காரர். ஒரு சிமெண்டு மரம் இன்னும் காலியாக இருக்கிறது என்று மந்திரி அவர் காதில் சொன்னதைப் பலரும் கேட்டார்கள்.

"எனக்கு அப்பவே சந்தேகம்ங்க," என்றார் கிளைமுத்து. "இவ தூங்கி நான் பார்த்ததே இல்ல."

"அண்ணே! உங்க பிள்ளைக்குக் காய்ச்சல்னா கொழுந்து ஒடிச்சுப் போட்டது யாரு?"

கிளைமுத்து தலையைக் குனிந்தபடி ஏணியில் ஏறினார். அவள் கோவாலாவே அல்ல, அவள் உறுமல் செல்லாது என்று தீர்ப்பானது. மாலைக்குள் மரம் விழுந்தது. கிளைமுத்து சிமெண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இலை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மண்டபம் எழும்பியது. திறப்பு விழாவுக்கு முன்தினம், மண்டபத்துக்கு எதிரே சாலையோரம் பசியில் சுருண்டிருந்த தழையாயியைத் தேடி மந்திரியே வந்தார். கையில் ஒரு கொத்து நிஜமான தைல இலை.

"தாயி, உன் வழக்கை மறுபரிசீலனை செஞ்சோம். நீ அசல் கோவாலாதான். அரசாங்கம் ஒத்துக்கிச்சு."

"இப்ப எதுக்குய்யா?"

"மண்டபத்துல உனக்கு நிரந்தர இடம் ஒதுக்கியாச்சு. ஒரு வேலையும் இல்ல. அசையாம நின்னாப் போதும்."

மொக்கு இலையை நோக்கிக் கையை நீட்டியது. தழையாயி அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, திறந்திருந்த மண்டப வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பீடங்கள் இருந்தன. ஒன்று சின்னது.